காலையில் கொப்பி எடுத்த பட்டியல்

ஓர்ஸ் ஹில் நிவாரண அலுவலகத்தில் நஜ்முன் நிஸாவுக்குத் தட்டெழுத்து வேலை. அங்கிருந்த நான்கு கொம்பியூட்டருக்கும் வைத்தியம் பார்ப்பவளும் அவள்தான். குறிஞ்சாக்கேணியிலிருந்து விடிய எழும்பி, ஆறு கடக்கும் பாதைப் படகேறி வருவாள். 2007ஆம் ஆண்டு, யுத்த காலம் அது. கடலுக்குப் போக நேவியின் பாஸ் வேண்டும், பாஸுக்கு அலுவலகத்தின் கடிதம் வேண்டும்.

மீனவர்களின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நிஸா பட்டியலாக அடிப்பாள். இணைப்பாளர் சிவகுருநாதன் அதைத் தன் கொம்பியூட்டரில் கொப்பி எடுத்துக் கடிதமாக்குவார். ஒவ்வொருவருக்கும் புதுக் கடிதம் எழுதுகிற பொறுமை அவருக்கில்லை. முந்தின ஆளின் கடிதத்தைத் திறந்து, பெயரையும் இலக்கத்தையும் மாற்றிக் கையெழுத்து வைப்பார்.

ஒரு நாள் மத்தியானம், காலையில் கடிதம் வாங்கிப் போன சாம்பல்தீவு மீனவர் இராசதுரை அதே கடிதமும் கையுமாக உள்ளே பாய்ந்தார்.

"ஆற்ற நம்பர் பிள்ளை இது? சென்றியில நேவிக்காரர் வெயிலுக்க மூண்டு மணித்தியாலம் முழங்காலில வைச்சவங்கள் என்னை!"

கடிதத்தில் இருந்தது, முந்தின நாள் பாஸ் வாங்கிய தங்கரத்தினத்தின் இலக்கம். சிவகுருநாதன் அசையவில்லை. எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கோப்பைத் திறந்து, ஏதோ தட்டிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். "பாருங்கோ, இந்தப் பிள்ளை அடிச்ச லிஸ்டிலயே பிழை."

பட்டியலிலும் தங்கரத்தினத்தின் இலக்கமே இருந்தது. நிஸா திகைத்தாள். காலையில் அட்டையோடு இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தவள் அவள்.

"நான் சரியாத்தான் அடிச்சனான், சேர்."

"அப்ப பேய் வந்து மாத்தினதோ? குறிஞ்சாக்கேணிப் படிப்பு இவ்வளவுதான். நாளையிலயிருந்து வரவேண்டாம்."

கூடத்தில் கடிதத்துக்குக் காத்திருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். நிஸாவின் முகம் எரிந்தது.

இரண்டு மணிக்கு சிவகுருநாதனே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேறு யாருக்கும் கொம்பியூட்டர் திருத்தத் தெரியாது. "போக முதல் இதை ஒருக்காப் பார். முந்திக் கொப்பி எடுத்தது ஒண்டும் வருதில்லை. கடைசியா எடுத்தது மட்டும்தான் ஒட்டுது."

நிஸா கதிரையில் இருந்தாள். "இடையில வேர்டை மூடினீங்களா, சேர்?"

"இல்லை. காலையில திறந்தது அப்பிடியே கிடக்கு."

மூடியிருந்தால் எல்லாம் போயிருக்கும். மூடாவிட்டால் கொப்பி எடுத்த கடைசி இருபத்து நான்கும் ஒரு பெட்டிக்குள் நிற்கும். பெட்டி கண்ணில் படாவிட்டாலும் கொப்பிகளைச் சேர்த்துக்கொள்ளும்படி நான்கு கொம்பியூட்டரிலும் செய்து வைத்தவள் அவளே. கொப்பி எடுக்கும் விசையை இரண்டு தரம் தட்டினாள். வலப்பக்கம் பெட்டி திறந்தது. இருபத்திரண்டு.

"ஆ, வந்திட்டுது!" என்றார் சிவகுருநாதன்.

அடியில், முதலாவதாக எடுத்தது, அவளுடைய பட்டியல். இராசதுரையின் பெயருக்கு நேரே சரியான இலக்கம். கடிதத்தில் பழைய இலக்கத்தை மாற்ற மறந்த தன் பிழையை மறைக்க, இராசதுரை கத்திக்கொண்டு நின்றபோதே கோப்பில் இலக்கத்தை மாற்றியிருக்கிறார் மனுசன். காலையில் தானே கொப்பி எடுத்தது இங்கே நிற்குமென்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் கண்ணும் அடிக்குப் போய்விட்டது. "எல்லாத்தையும் துடைச்சு விடு, பிள்ளை. அதுதான் அடைச்சுக்கொண்டு நிக்குது."

"ஏலாது, சேர்."

குரல் தணிந்தது. "நாளைக்கும் வேலைக்கு வா. நடந்ததை மறப்பம்."

அவர் கை மவுசை எட்டுவதற்குள் நிஸா திரையில் புதுத் தாள் ஒன்றைத் திறந்து பட்டியலை ஒட்டிவிட்டாள்.

"கூடத்தில எத்தினை பேர் சிரிச்சது, சேர்?"

அவர் மவுசிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

"நான் எண்ணினனான். ஏழு. இராசதுரை அண்ணனோட எட்டு."

எட்டுப் பிரதி அடித்தாள். பிரிண்டர் கூடத்தில்தான் இருந்தது. தாள் விழ விழ ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். "இது நான் அடிச்ச லிஸ்ட், சேர் காலையில தன்ட கொம்பியூட்டரில எடுத்த கொப்பி. இப்ப சிரியுங்கோ." ஒருவரும் சிரிக்கவில்லை.

இராசதுரை தன் அட்டையை எடுத்து இலக்கத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அறை வாசலில் போய் நின்றார். "வாங்கோ சேர், சென்றிக்குப் போவம். முழங்காலில நிக்கிற இடத்தை நான் காட்டுறன்."

நிஸா அதோடு விடவில்லை. முந்தின கடிதத்தின் பிழை இணைப்பாளருடையது என்று ஒரு வரி சேர்த்துப் புதுக் கடிதம் அடித்து மேசையில் வைத்தாள். பேனை மூடியையும் தானே கழற்றிக் கொடுத்தாள். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் கையெழுத்து வைத்தார்.

அதன் பிறகு அவளை வரவேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் நிஸா அங்கே வேலை செய்தாள். சிவகுருநாதனின் கொம்பியூட்டர் எத்தனை தரம் பழுதானாலும் திருத்திக் கொடுத்தாள். அவரை மட்டும் ஒரு நாளும் மன்னிக்கவில்லை.