மூன்று கோப்பைத் தேத்தண்ணீரும் வடிவம்மாவின் மாடும்

இரகுநாதன் டொக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் லேசில் சொல்லமாட்டார். பதுளையில் எங்கள் கால்நடை அலுவலகத்தில் அவர் போதனாசிரியர். மாடு வளர்ப்பவர்களுக்குப் புத்தி சொல்லும் உத்தியோகம். நான் அங்கேயே கிளார்க். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் எல்லாரும் அவரை "டொக்டரய்யா" என்று கூப்பிட்டார்கள். அவரும் சட்டைப் பையில் வெப்பமானியைச் செருகிக்கொண்டு, "ஓமோம், சொல்லுங்கோ" என்று நிற்பார்.

பிறந்தது சாவகச்சேரி. 1991இல் மாற்றலாகி, ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று ஒரே ஒரு பெட்டியோடு வந்தார். போரில் பாதை அடைபட்டது, ஆறு மாதம் பத்து வருஷமாயிற்று. எங்கள் குளிரைத் திட்டுவார், எங்கள் சாம்பாரைத் திட்டுவார், அலுவலக மோட்டார் சைக்கிளைத் திட்டுவார். அதை அவருக்கு ஓட்டவும் தெரியாது. நான் ஓட்ட, பின்னால் இருந்து வளைவுக்கு வளைவு முருகனைக் கூப்பிடுவார். ஒரு வேலையில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை. விசர் என்கிற வெறிநோய் பிடித்துச் செத்தது நாயானாலும் மாடானாலும் மண்டையைத் திறந்து, மூளையைச் சிதையாமல் எடுத்துப் போத்தலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கத்தியை வீட்டில் சோறு சமைக்கிற குசினியில் வைத்துத் தீட்டுகிறார் என்று அவர் மனைவி கேசினி டீச்சர் என்னிடம் அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார்.

2000ஆம் ஆண்டுக் கடைசியில், ஐரோப்பாவில் மாடுகளுக்கு மூளை கெட்டுப் பைத்தியம் பிடிக்கிறது என்று பத்திரிகைகளில் ஒரே செய்தி. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கண்டிக்குப் போய் ஓர் ஆங்கிலக் கட்டுரையைப் பிரதி எடுத்துவந்தார். மூளையில் இயல்பாக இருக்கிற புரதம் ஒன்று மடிப்புக் குலைந்து, பக்கத்தில் இருப்பதையும் குலைக்குமாம். மூளை ஓட்டை ஓட்டையாகிவிடுமாம். அந்தப் புரதத்தில் சர்க்கரைச் சங்கிலி ஒட்டுவதற்கு இரண்டு இடங்கள். சிலதில் இரண்டிலும் ஒட்டியிருக்கும், சிலதில் ஒன்றில், சிலதில் ஒன்றுமே இருக்காது. மூன்றும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று பார்த்தால் நோய் எந்த வகை என்று பிரித்தறியலாமாம். மூன்று நாள் எனக்குப் படித்துக் காட்டினார். நான் மூன்று நாளும் கடிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். பொங்கலுக்கு இரண்டு கிழமை முன்னால், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், குழந்தைகளை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கூட்டம் போட்டார். "சனத்துக்கு விளங்கிற மாதிரிச் சொல்லவேணும் தம்பி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மேசையில் மூன்று கோப்பைத் தேத்தண்ணீரை அடுக்கினார். ஒன்றில் இரண்டு கரண்டி சீனி, ஒன்றில் ஒரு கரண்டி, ஒன்று வெறும் சாயம்.

"இதுதான் அந்தப் புரதம். சீனி எப்பிடி ஒட்டியிருக்கு எண்டு பார்த்துத்தான் மாட்டுக்கு என்ன விசர் எண்டு கண்டுபிடிக்கிறது."

ஐரோப்பாவில் எலும்புத்தூள் கலந்த தீவனத்தால்தான் நோய் பரவியது என்பதையும் சேர்த்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று கோப்பையையும் அவரே குடித்து முடித்தார்.

முன்வரிசையில் இருந்து கைதட்டியவர்களில் ஒருவர் வடிவம்மா. கொழுந்து பறிக்கிறவர், கணவர் இல்லை. ஒரு மகள் துஷாந்தி, ஒரு மாடு. மாட்டுக்குப் பெயர் பேபி, ஆனால் பெயரை நம்பிப் பின்னால் போய் நின்றால் பல் போய்விடும். கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தோட்டத்திலேயே அதிகம் கறக்கிற மாடு அது. அந்தப் பாலில்தான் துஷாந்தி பசறையில் உயர்தர வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரிக் கடைசியில் அலுவலகத்துக்கு ஆள் வந்தது. பேபிக்குப் பைத்தியம். சுவரை நக்குகிறது, வாயில் ஒன்றுமில்லாமல் மெல்லுகிறது, கம்பத்தில் தலையை முட்டுக்கொடுத்து நிற்கிறது, நடந்தால் தள்ளாடுகிறது. சுட்டு எரித்துவிடும்படி தோட்டத்து மனேஜர் துரை சொல்லிவிட்டார். அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். எங்கள் மிருக வைத்தியரோ லீவு.

இரகுநாதன் சந்தோஷப்பட்டார். இதை நான் மறைக்கப்போவதில்லை. முகம் வழித்தார், கத்தியை எடுத்தார், போத்தல் இரண்டு எடுத்தார். "இலங்கையிலேயே முதல் மாடு, தம்பி! உயிரோட இருக்கேக்க ஒண்டும் பார்க்க ஏலாது, மூளையை எடுத்தாத்தான் தெரியும்." அன்று வளைவுகளில் முருகனைக் கூட மறந்துவிட்டார்.

மாட்டுப்பட்டியடியில் துரை நின்றார், காவல்காரர் துவக்கோடு நின்றார். வடிவம்மா மாட்டுக் கயிற்றைத் தன் கையில் நாலைந்து சுற்றுச் சுற்றிக்கொண்டு நின்றார். இரகுநாதன் மண்டையை அளவெடுக்கிறவர் போலக் குனிந்தார். பேபி அவர் முகத்தில் ஒரு பெருமூச்சு விட்டது. அவர் அப்படியே நின்றுவிட்டார். மறுபடி மோந்தார்.

"தம்பி, மணந்து பார்."

பார்த்தேன். நகப்பூச்சு அழிக்கிற மருந்து வாசனை. உடனே கொஞ்சம் பால் கறந்து, பையில் இருந்த பரிசோதனைப் பவுடரில் இரண்டு சொட்டு விட்டார். பவுடர் ஊதாவாக மாறியது.

"அம்மா, இதுக்கு என்ன தீன் போடுறியள்?"

"புல்லு மட்டுந்தாங்க."

"புண்ணாக்கு, தவிடு?"

"தீவனத்தாலதான் நோவு வருதுன்னு நீங்கதானே சொன்னீங்க? சீனி ஒட்டுனாப் பைத்தியம்னும் சொன்னீங்க. கருப்பட்டித் தண்ணியயும் நிப்பாட்டிட்டேன். மாட்டுப் பொங்கலுக்கு லயமே மாட்டுக்குச் சக்கரப் பொங்கல் ஊட்டுச்சு, நான் ஒரு வாய் குடுக்கலீங்க. அது என் கையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு."

கன்று போட்ட கறவை மாடு, வெறும் புல். உடம்பில் இருந்த சர்க்கரையெல்லாம் பாலுக்குப் போய், மாட்டுக்கு மிஞ்சவில்லை. கொழுப்பைக் கரைத்துத்தான் உயிரைப் பிடித்திருந்தது; அந்த மணமும் ஊதாவும் இந்தக் கூத்தும் அதனால்தான். பேபிக்குப் பைத்தியம் இல்லை, பட்டினி.

துரை பத்திரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டால் மாட்டோடு பிழையும் எரிந்துவிடும். பட்டினி என்று கண்டுபிடிக்க அங்கே வேறு யாரும் இல்லை. இரகுநாதன் பேனை மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார். அந்த அரை நிமிஷம் எனக்கு அந்த மனுஷனைக் கண்ணில் காட்டக்கூடாது என்றிருந்தது.

பிறகு மூடியைப் போட்டார்.

"இது அந்த நோய் இல்லை. தீன் இல்லாமல் வந்தது. பிழையாச் சொல்லிக் குடுத்தது நான்தான். சீனியில ஒரு குற்றமும் இல்லை, நல்ல புரதத்திலயும் அது இருக்கு." யாரும் கேட்காமலே, "நான் டொக்டரும் இல்லை" என்றார்.

துரை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மறுநாள் காலைவரை தவணை கொடுத்தார். கழுத்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். போத்தலைத் தூக்கிப் பிடித்து என் கை மரத்துப்போனது. பின்னேரம் பேபி சுவரை நக்குவதை நிறுத்தியது. பொழுது சாயுமுன் தவிட்டு வாளிக்குள் மூக்கை விட்டது. வடிவம்மா அப்போதுதான் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்தார். மணிக்கட்டெல்லாம் கன்றிச் சிவந்திருந்தது.

"வாற கிழமை இன்னொரு கூட்டம் போடுறன், அம்மா. இன்னும் விளங்கிற மாதிரிச் சொல்லுறன்" என்றார் இரகுநாதன்.

"விளங்குற மாதிரி சொல்லித்தாங்க என் மாடு சாகப் பாத்துச்சு. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. விளங்கலன்னா நாங்க கேப்போம். எங்களுக்குக் கேக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவர் வெறும் போத்தல்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். நான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன்.

அடுத்த கூட்டம் மூன்று மணித்தியாலம் போனது. கட்டுரையை வரிவரியாகச் சொன்னார். நான் இரண்டு தரம் தூங்கி எழும்பினேன். லயத்துச் சனம் ஒருவரும் இடத்தைவிட்டு எழும்பவில்லை. வடிவம்மா கேள்விக்கு மேல் கேள்வி கேட்டார். கடைசியில், "உசிரோட நிக்கிற மாட்டுல அந்தச் சக்கரயப் பாக்கவே முடியாதாங்க? கொன்னுதான் பாக்கணுமா?" என்றார்.

இரகுநாதன் கட்டுரையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்தார்.

"எனக்குத் தெரியாதம்மா" என்றார். பத்து வருஷத்தில் அவர் வாயால் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன்.