கதைக்குக் கீழே நான் போட்ட பதில்

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஸ்ரீரங்கத்திலிருந்து மன்னார்புரம் வழியாகப் போகிற காலை நேர டவுன் பஸ்ஸில் நடந்தது இது. எங்கள் எழுத்தாளர் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேருகிற பெண்கள், "ஆன்லைன்ல கதை போடறதுக்கு டிப்ஸ் சொல்லுங்க மேம்" என்று அடிக்கடி கேட்பார்கள். தலைப்பு கவர்ச்சியாக இருக்கட்டும், அத்தியாயம் சின்னதாக இருக்கட்டும், தினம் ஒரே நேரத்தில் போடுங்கள் என்று எல்லாரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்கு உண்மையில் தெரிந்த ஒரே பாடத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கமாக இருக்கும்.

எனக்கு ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை. ஸ்ரீரங்கத்தில் ஏறினால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடப் பயணம். மாம்பழச்சாலையில் ஒருத்தி ஏறுவாள். மன்னார்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். முதலில் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், அப்புறம் இடம் பிடித்து வைத்தேன், அப்புறம் அவள் வராத நாளில் பஸ்ஸே வெறிச்சோடியது போல இருந்தது. பஸ் சிநேகிதம் அப்படித்தான். ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் பார்த்திருக்க மாட்டோம், ஆனால் குழம்பில் உப்பு கூடிப்போனது வரை தெரியும்.

ஒருநாள் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, "எங்க வீட்டுக்காரர் என்கூடப் பேசி மூணு வருஷம் ஆச்சுக்கா" என்றாள். ஏதோ ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்பது போலச் சொன்னாள். அவர் வேண்டாம் என்று தடுத்தும் தன் அண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். அன்றைக்கு வாயை மூடியவர்தான். சொல்ல வேண்டியதை எல்லாம் தேதி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவாராம். 'நாளை இட்லி வேண்டாம்.' 'கேஸ் புக் செய்.' இவள் அதைப் படித்துவிட்டு ஃபிரிட்ஜைப் பார்த்து "சரிங்க" என்பாளாம். ஒரே மகள் வெளியூர் ஹாஸ்டலில் இருந்தாள். "ஊர்ல எத்தனை வீட்டுல காலண்டர் கிழிக்க மறந்துடறாங்க. எங்க வீட்டுல அந்தப் பிரச்சினையே இல்லக்கா" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனசுக்குள், அடடா, இது கதையாச்சே என்று நினைத்தேன்.

அப்போது நான் ஒரு கதைச் செயலியில் புனைபெயரில் எழுதிக்கொண்டிருந்தேன். என் கதையை ஐம்பது பேர் படித்தால் அதிசயம். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள். அந்த வாரமே புதுத் தொடர் ஆரம்பித்தேன். பெயரை மாற்றினேன். ஊரை மணப்பாறைக்குக் கொண்டுபோனேன். கணவரை முறுக்குக் கடைக்காரர் ஆக்கினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு. காலண்டர் தாளை மட்டும் மாற்ற மனசு வரவில்லை, கதையின் உயிரே அதுதானே! லிங்க்கை எனக்குத் தெரிந்த திருச்சிக் குழுக்கள் எல்லாவற்றிலும் போட்டேன்.

தொடர் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஆயிரக்கணக்கில் படித்தார்கள். 'அழுதுட்டேன் சிஸ்', 'அடுத்த எபிசோட் எப்போ' என்று கமென்ட் மழை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதன் பிறகு பஸ்ஸில் நானே பேச்சை அந்தப் பக்கம் இழுப்பேன். நேற்று என்ன எழுதி ஒட்டினார், நீ என்ன செய்தாய், அப்புறம் என்று துருவித் துருவிக் கேட்பேன். இந்த அக்காவுக்கு என்மேல் எவ்வளவு அக்கறை என்று அவள் நினைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு எழுத ஒன்றும் இருக்காது. திங்கள் எப்போது வரும் என்று காத்திருந்தேன். ஒரு மனுஷியின் கஷ்டத்துக்காக நாள் எண்ணிக் காத்திருந்தேன் என்பது அப்போது உறைக்கவே இல்லை.

அவள் சொன்ன ஒன்றை மட்டும் நான் எழுதவில்லை. பேச்சு நின்ற முதல் வருடத்திலேயே அவளும் ஒரு காலண்டர் தாளை எடுத்து, 'வாயால் சொன்னால் துணி துவைப்பேன். இல்லை என்றால் நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாள். அன்றிலிருந்து அவர் துணியை அவரேதான் துவைக்கிறார். "ஞாயித்துக்கிழமை மாடியில நின்னு மனுஷன் பனியனைப் பிழியுறதைப் பார்க்கணுமே" என்று அவள் கண்ணில் நீர் வரச் சிரித்திருக்கிறாள். அதை எழுதினால் வாசகர்களின் பரிதாபம் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. அழுதுகொண்டே அவருடைய துணியையும் துவைத்துப் போடுகிறவளாக எழுதினேன். அந்த அத்தியாயத்துக்குத்தான் அதிகக் கமென்ட் வந்தது.

அதில் ஒரு வாசகி, 'இவளுக்கு ரோஷமே கிடையாதா? அந்தச் சீட்டைக் கிழிச்சு அவன் மூஞ்சியில எறிய வேணாமா?' என்று பொரிந்து தள்ளியிருந்தார். எல்லா அத்தியாயத்துக்கும் நட்சத்திரம் போடுகிறவர். அவரைக் குளிர வைக்க வேண்டும் என்று நான் பதில் போட்டேன். 'சரியாச் சொன்னீங்க சிஸ். இவளை மாதிரி ஆளுங்க இருக்கறதாலதான் அவனுங்க ஆடுறானுங்க. இவ திருந்தவே மாட்டா.' பக்கத்தில் சிரிக்கிற பொம்மை இரண்டு.

ஒரு வியாழக்கிழமை. அவள் வழக்கம்போல மாம்பழச்சாலையில் ஏறினாள். நான் பையை நகர்த்தி இடம் கொடுத்தேன்.  சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும் மெதுவாக, "அக்கா, காலண்டர் கதை எழுதுறது நீங்கதானே?" என்றாள்.

அவளுடைய ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிற அம்மா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் கதையை எல்லாருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுவாராம். நட்சத்திரம் போடுகிற அந்த வாசகி அவர்தான். 'எழுத்தாளரே எனக்குப் பதில் போட்டிருக்காங்க' என்று பெருமையாகப் போனைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு இவளும் வாங்கிப் படித்திருக்கிறாள்.

"இந்த விஷயத்தை நான் எங்க அண்ணன்கிட்டகூடச் சொன்னதில்லை. உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்" என்றாள்.

நான் உளறினேன். "பேரெல்லாம் மாத்திட்டேன்பா. ஊரைக்கூட மாத்திட்டேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதுல்லக்கா."

 அவள் சத்தம் போடவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இரண்டே கேள்வி கேட்டாள். முதல் கேள்வி, "அந்தத் துணி விஷயத்தை மட்டும் ஏன் மாத்தி எழுதினீங்க? நான் ஜெயிச்சது அது ஒண்ணுதானே."  இரண்டாவதாக, "எனக்கு ரோஷம் இல்லைன்னு அந்தம்மா எழுதினாங்க, அவங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்க அதுக்கு ஆமான்னு போட்டிருக்கீங்களே, அதை எங்க உக்காந்து எழுதினீங்க?" என்றாள்.

"வீட்டுலதான்" என்றேன்.

பொய். அதை அந்த பஸ்ஸில்தான் எழுதினேன். முந்தின நாள் காலை அவள் தலைவலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள். அந்தக் கிறக்கத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் விழித்துவிடாமல் இருக்க இந்தப் பக்கத் தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தட்டினேன், 'இவ திருந்தவே மாட்டா' என்று. தோளை அசைக்காமல் இருக்கத் தெரிந்த எனக்கு அந்த விரலை அடக்கத் தெரியவில்லை.

அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். மன்னார்புரத்துக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது.

அன்று மதியமே தொடரை மொத்தமாக அழித்தேன். அழித்தால் தீர்ந்தது என்று நினைத்த என் அறிவை என்ன சொல்ல! யாரோ அதை பிடிஎஃப் ஆக்கி குழுக்களில் சுற்ற விட்டிருந்தார்கள். இரண்டு யூடியூப் சேனலில் ஒலிக்கதையாக வந்திருந்தது, பின்னால் புல்லாங்குழல் இசையோடு. ஒருவர் கெஞ்சிக் கேட்டதும் எடுத்தார். இன்னொருவர் பதிலே போடவில்லை. இன்றைக்கும் அது அங்கே இருக்கிறது. போடுவதற்கு ஒரு தட்டு போதும், திரும்ப எடுக்க முடியாது.

அவள் வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டாள். பத்து நாள் பொறுத்துவிட்டு ஒரு சனிக்கிழமை ஸ்கேன் சென்டருக்கே போனேன். நான் எழுதிவைத்துப் படித்துப் பார்த்த மன்னிப்பு வாக்கியங்கள் எல்லாம் கையில் இருந்தன. கவுண்டரில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"சொல்லுங்க மேடம்" என்றாள்.

எனக்கு முன்னால் நின்ற நோயாளியிடமும் அதே குரலில்தான் சொன்னாள். வெளியே வரச் சொல்லிக் கெஞ்சினேன். வந்தாள். மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். கையெடுத்துக் கும்பிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கதையை நிறுத்திட்டீங்கன்னு ரிசப்ஷன் அம்மாவுக்குத்தான் ரொம்ப வருத்தம். அவ கடைசியில என்ன ஆகியிருப்பாள்னு தினம் சாப்பிடறப்ப எல்லாரும் ஆளுக்கொரு முடிவு சொல்றாங்க. நானும் ஒண்ணு சொல்லணும், இல்லைன்னா சந்தேகம் வரும்" என்றாள். அப்புறம் "டோக்கன் கூப்பிடணும், வரட்டுமா மேடம்" என்று உள்ளே போய்விட்டாள். கோபமாகத் திட்டியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

நான் எழுதுவதை நிறுத்திவிடவில்லை, நிறுத்தினேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். ஆனால் ஒருவர் நம்மிடம் சொன்னதைக் கதையாக்கும் முன்பு அவரிடமே கேட்டுவிட வேண்டும் என்று இப்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். கேட்க வாய் வரவில்லை என்றால் அது எழுதக்கூடாத கதை. பெயரை மாற்றுவது நம் மனசாட்சிக்குப் போடுகிற முக்காடு மட்டும்தான். கமென்டுக்குப் பதில் தட்டும் முன்பு, அந்தக் கதாபாத்திரம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன். கைதட்டல் வாங்குவதற்காக அவளை நான் கைவிட்டதுதான் கதையை எழுதியதைவிடப் பெரிய பாவம்.

ஏனென்றால் அவளோடு பேசாத ஆள் வீட்டில் ஒருவர் ஏற்கெனவே இருந்தார். அரை மணி நேரமாவது வாய்விட்டுப் பேச அவளுக்கு இருந்த இன்னொரு ஆளையும் இல்லாமல் ஆக்கியது நான்தான் என்ற நினைப்பு, எத்தனை பேர் எத்தனை நட்சத்திரம் போட்டாலும் என்னை விட்டுப் போகாது.