நடுவில் இருந்த கட்டை

டிவி செய்யும் கம்பெனியில் அவளுக்கு அமுக்கக்கா என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். கட்டில் அகலத்துக்கு இருக்கும் திரைகளை மேசையில் கிடத்தி, நடுவில் இயந்திரத்தால் மெல்ல அமுக்கி, எவ்வளவு வளைகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதிகம் வளைந்தால் கழித்துவிட வேண்டும். கழிக்காமல் விட்டால் தூக்குகிறவன் கையில் விரிசல் விடும்.

திரையை ஏற்றும்போது தொய்ந்துவிடாமல் இருக்க மேசை நடுவில் ஒரு ரப்பர் கட்டை வைப்பார்கள். அமுக்குவதற்கு முன் அதை எடுத்துவிட வேண்டும். அன்று அவளுக்கு அது மறந்தது. மறக்காமல் என்ன செய்யும்? வாய் ஓய்ந்தால்தானே! கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த கதையைப் பக்கத்து மேசைக்காரியிடம் அளந்துகொண்டிருந்தாள். கொழுந்தனுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை, திரைகளைத் தூக்கி மாட்டும் பிரிவில். வேலை நிரந்தரமானதும் கல்யாணம் என்று பேச்சு. கட்டை முட்டுக்கொடுத்து நிற்க, திரை எப்படி வளையும்? எல்லாம் தேறின. இன்றைய சரக்கு இரும்பு மாதிரி இருக்கிறது என்று பெருமை வேறு.

மறுநாள் மேசையைத் துடைத்தபோது துணியில் கட்டை இடறியது. நேற்று அதை எடுக்கவே இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் கொழுந்தன் கையில் இரண்டு திரைகள் விரிசல் விட்டிருந்தன. தூக்கத் தெரியாதவனுக்கு நிரந்தர வேலை ஒரு கேடா என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். அவள் சொல்லத்தான் கிளம்பினாள். பாவி, பாதி வழியில் கால் நின்றுவிட்டது. தன் வேலை போய்விட்டால்? திரும்பி வந்து கட்டையைச் சத்தமில்லாமல் ஓரமாக வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், கொழுந்தன் கட்டில் பலகையைக் கழற்றி, அண்ணனை மறுமுனையில் பிடிக்கச் சொல்லி, தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தான். என்ன கூத்து இது என்று கேட்டாள்.

"பழகுறேன் அண்ணி. நீங்க அளந்து விட்டது எப்படி வளையும்? என் கைதான் எங்கயோ கோணுது."

அவளுக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

"பலகைய கீழ வை தம்பி. உன் கையில ஒரு குறையும் இல்ல. நான் கட்டைய எடுக்காம அளந்துட்டேன்."

அவன் பலகையை மெதுவாக இறக்கினான்.

காலையில் அவளே மேற்பார்வையாளரை அழைத்துப்போய், அதே சரக்கில் ஒரு திரையைக் கட்டை இல்லாமல் அமுக்கிக் காட்டினாள். ஈரத் துணி போலத் தொய்ந்தது. அவர் திட்டித் தீர்த்தார், நல்ல வேளையாக விரட்டவில்லை. கொழுந்தன் மேல் இருந்த பழி நீங்கியது. வேலை நிரந்தரமாகி, கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது.

இப்போதும் வீட்டில் அண்ணி அண்ணி என்று பாசமாகத்தான் இருக்கிறான். கம்பெனியில் மட்டும், அவள் மேசையிலிருந்து திரையைத் தூக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கேட்கிறான்.

"கட்டைய எடுத்துட்டுதானே அளந்தீங்க, அண்ணி?"

கேலிக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். எடுத்தேன் தம்பி என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறாள்.