டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை, அக்கா

சொர்ணம் அக்காவின் மகள் செல்வியின் போன் வந்தபோது பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "சித்தி, அம்மா போயிட்டா" என்றாள். பாளையங்கோட்டையில் மகள் வீட்டில், காப்பி கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், காப்பி வருவதற்குள் போய்விட்டாராம். "வந்துடறேன்மா" என்று மட்டும் சொல்லி போனை வைத்தேன்.

பம்பாய் லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஒன்றாகப் போய்வந்த நம் லேடீஸ் டப்பாக் கூட்டத்தில் அக்காவை அறியாதவர் யார்? கோவண்டியில் ஏறுவார். வடாலாவில் நான் ஏறும்வரை பக்கத்து இடத்தில் கைப்பையைப் போட்டு, கேட்டவர்களிடமெல்லாம் இந்தியில் சண்டை பிடிப்பார். அவர் ஃபோர்ட் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். நான் அங்கேயே ஒரு வக்கீலிடம் டைப் அடித்தேன். ஒருவர் அலுவலகத்தை இன்னொருவர் பார்த்ததில்லை. எங்கள் சிநேகம் முழுக்க ரயிலில்தான்.

அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து, டாக்டர் பயணத்துக்குச் சம்மதித்தபின் தம்பி மகள் கல்யாணத்துக்குக் கிளம்பினார். நம்மில் ஒருத்தி ஊருக்குப் போகிறாள் என்றால் டப்பாவே பொட்டலம் கட்டிக் கொடுக்குமே! அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "இந்தத் தடவ ஒருத்தி பொட்டலத்தையும் தொட மாட்டேன். வெயிட்டு தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு." அப்படியும் நம் பத்மா ஊரிலிருக்கும் அண்ணனுக்கென்று ஒரு குக்கரோடு வந்து நின்றாள். "சின்னதுதான் அக்கா." "சின்னதுன்னா ஒன் அண்ணன பம்பாய்க்கு வந்து வாங்கிட்டுப் போவச் சொல்லு" என்றார் அக்கா. குக்கர் பத்மாவோடேயே அலுவலகம் போய்த் திரும்பியது.

இவ்வளவு கெட்டியாக இருந்தவர் அந்தப் பயணத்தில் ஒரு தப்பு செய்தார். அவருக்கும் கணவருக்கும் டிக்கெட் வேறு வேறு கோச்சில் கிடைத்திருந்தது. பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டிய கணவர், வழக்கம்போலச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். மாத்திரை பெட்டிக்குள். கணவர் போனையும் எடுக்கவில்லை. நானாக இருந்தால் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு வேளையை விட்டிருப்பேன். அக்கா எழுந்து நின்றார். "எனக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்கு. மாத்திரை உள்ள இருக்கு, சாவி எங்க வீட்டுக்காரர்ட்ட இருக்கு. யாராச்சும் போய் அவர இழுத்துட்டு வாங்கய்யா!" அவர் பெயரைக் கூவிக்கொண்டு நாலு பேர் வண்டி முழுக்கத் தேடியிருக்கிறார்கள். திரும்பி வந்து இதை நடித்தே காட்டினார், நினைவிருக்கிறதா? அதன்பிறகு மாத்திரையும் ஸ்டென்ட் அட்டையும் ஒரு சுருக்குப்பையில் கழுத்தோடு தொங்கின. "சோத்த மறந்துட்டு வந்தா பக்கத்து சீட்டுக்காரி குடுப்பா. மாத்திரைய எவ குடுப்பா?" என்பார்.

இந்த வருஷம் எனக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். ரிட்டயராகிப் பாளையங்கோட்டையில் செல்வியோடு இருந்த அக்கா தினமும் போன் செய்தார். இனி எங்கேயும் போக முடியாதோ என்று நான் அழுதபோது அதட்டினார். "என்னத்துக்குப் போவ முடியாது? ஆனா நீயா முடிவு எடுக்காத. பயந்துக்கிட்டு வீட்டுல கெடக்காத, வீராப்பா கெளம்பவும் செய்யாத. டாக்டர்ட்ட கேளு. அவரு சரின்னா மொதல்ல என் வீட்டுக்கு வா."

அக்கா போன அன்று, பத்மாவும் மற்றவர்களும் மதுரைக்கு விமான டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "உனக்கும் போடட்டுமா?" என்று பத்மா கேட்டாள். "டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்றேன். நான் டாக்டரிடம் கேட்கவே இல்லை. விமானத்தில் நெஞ்சு வலித்தால் என்ன செய்வது என்ற பயம் இருந்தது உண்மை. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என் நெஞ்சில் இருப்பதுதான் அவர் நெஞ்சிலும் இருந்தது. அவரைக் கிடத்தியிருப்பதைப் பார்த்தால் என்னையே பார்த்தது போலிருக்கும் என்று நடுங்கினேன். "உடம்பப் பாத்துக்கோ, அக்காவும் அதத்தான் சொல்லியிருப்பா" என்று ஆளாளுக்குத் தேற்றினீர்கள். அந்தத் தேறுதலை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். செல்வியிடம் வரவில்லை என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் இதைச் சொன்னேன். துணைக்கு ஆள் இருந்து, பை தூக்காமல், மாத்திரையைக் கையோடு வைத்துக்கொண்டு, உங்கள் நிலைமைக்குத் தாராளமாகப் போயிருக்கலாமே, ஒரு போன் செய்திருக்கக் கூடாதா என்றார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வெட்கமாக இருந்தது. துணைக்கு ஆளா இல்லை? ஒரு டப்பாவே போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செல்விக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "தப்பா நெனைக்கல சித்தி" என்றாள். "பத்மா அத்தையெல்லாம் கார்லருந்து எறங்குனாங்கல்லா, கடைசியா நீங்க எறங்குவீங்கன்னு கதவப் புடிச்சிக்கிட்டே நின்னேன். அவ்வளவுதான்."

நடந்ததை நடந்தபடி நாலு பேர் முன்னால் சொல்லும் துணிவு அக்காவுக்கு இருந்தது. அதில் கொஞ்சத்தை இப்போதாவது எடுத்துக்கொள்கிறேன். உங்களிடம் சொன்னது பொய், தோழிகளே.

டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அடுத்த வாரம் பாளையங்கோட்டைக்குக் கிளம்புகிறேன், பத்மா துணைக்கு வருகிறாள். அக்கா இல்லாத அந்த வீட்டு வாசலில், செல்வி பார்க்க, காரை விட்டு இறங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இறங்குவேன்.