உப்பிய பேட்டரி

தம்போய் கடைத்தெருவில் கைப்பேசி பழுதுபார்க்கும் அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, கை வேலையில் இருந்தாலும் ஓயாத வாய்.

"கம்ப்யூட்டர் சொன்னா கேக்கும் அண்ணே, கரண்டுதான் கேக்காது. வீட்டுல சோலார் போட்டாலும்..." என்றபடி என் போனிலிருந்து உப்பிய பேட்டரியைக் கழற்றி வைத்தார்.

"உள்ள காத்துதானே லா, எடுத்துவிட்டா சரியாப்போச்சு" என்று மேசையில் கிடந்த சிம் ஊசியால் நான் அதை அழுத்திக் குத்தினேன்.

கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தேன். புகைந்த பேட்டரியை அவர் வெறுங்கையால் அள்ளி வாசலில் இருந்த மணல் வாளிக்குள் எறிந்தார். அது சீறி, வெடித்து எரிந்தது.

என்னைத் தூக்கி உட்கார வைத்தார். கொப்புளம் கண்ட உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னார்: "சோலார் போட்டாலும் பேட்டரி வேணும்ல?"

கன்னம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. அவர் விட்ட இடத்திலிருந்து பேசியதை நினைத்தால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.