எதை எடுக்கப் போகிறார்கள்?

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, உப்பளம் ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை நடக்கவிருக்கும் என் மார்புக் கட்டி ஆபரேஷனுக்கான பையை அடுக்கினேன். பிறகு ஸ்கேன் எடுக்க, மார்பகப் புற்றுநோய்க்கென்றே இருக்கும் கிளினிக்குக்குப் போனேன்.

எனக்கு எதிரே காலாப்பட்டுப் பக்கம் மீன் விற்கும் ஓர் அக்கா, அவர் கணவர், தங்கை. அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன் வேறு ஆஸ்பத்திரியில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். இப்போது தங்கைக்குக் கட்டி.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த தங்கை சொன்னாள்: "கட்டிய மட்டும் எடுத்தா போதுமாம்க்கா. மாரு அப்படியே இருக்குமாம்."

அக்கா கணவர் பக்கம் திரும்பினார். "எனக்கு எடுத்துடலாம்னு சொன்னாங்களே, எதைன்னு கேட்டியாய்யா நீ?"

"தோணலடி."

அக்கா கையிலிருந்த ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கணவரின் புருவத்தில் இறங்கியது. அடுத்த அடியில் சட்டையெல்லாம் ரத்தம். மறுபடி ஓங்கிய கையை நர்ஸ் ஓடிவந்து பிடித்தார்.

"ஆளுக்கு ஆள் வேற மாதிரிம்மா. உங்களுக்கு முழுசா எடுக்க வேண்டி இருந்திருக்கும்."

"இருக்கட்டும்! இந்த ஆளு கேக்கலியே. நானும் கேக்கலியே!" கையை உதறிவிட்டு, பாட்டிலால் தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார்.

என் உப்பளம் ஆஸ்பத்திரி டாக்டரும் "எடுத்துடலாம்மா" என்றுதான் சொன்னார். படித்தவர்களான நானும் என் கணவரும் ஒன்றாகத் தலையாட்டினோம்.

கிளம்பும்முன் அந்த கிளினிக் டாக்டரை நாளைக்குப் பார்க்க டோக்கன் வாங்கிவிட்டேன். எதை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் திங்கட்கிழமை எங்கும் போய்ப் படுக்க மாட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது என் கணவரிடம் போட்டுக்கொடுத்தால், என் பையில் இருப்பதும் ஸ்டீல் பாட்டில்தான்.