இடது கை

தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும். ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளுக்காக எங்கள் கணக்கு சார் செய்துவைத்த ஏற்பாடு அது. உத்தமபாளையத்தில் அப்போது நான் ஆறாம் வகுப்பு. கேள்வி விழுந்ததும் மொத்த வகுப்பும் கை உயர்த்தும். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாமே கைகள்தான். சார் ஒரு வலது கையை எழுப்புவார், விடை வரும், அதிகாரி தலையாட்டுவார், அவர் போனபின் எல்லோருக்கும் மிட்டாய் வரும்.

நான் இடது கை. அந்த மிட்டாயை நானும் தின்றேன். இனித்தது. அதுதான் இன்றுவரை எரிச்சல்.

பிறகு வலது கைக்கு மாறினேன். புரிந்துகொண்டு மாறவில்லை. சூத்திரங்களை இரவல் நகைபோல வாங்கிப் போட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனேன், வந்ததும் கழற்றினேன். பி.எஸ்சி. கணிதத்தில் முதல் வகுப்பு. அத்தா தெரு முழுக்கப் பூந்தி கொடுத்தார். உள்ளே ஓர் இடது கை இன்னும் மேலேயே நிற்பது எனக்கு மட்டும் தெரியும். வலிக்க வலிக்க நின்றது. இறக்கு என்று சொல்ல ஆளில்லை.

கல்யாணம், அல்லிநகரத்தில் வீடு, இரண்டு பிள்ளைகள். முப்பத்தொன்பதாவது வயதில் பி.எட். சேர்ந்தேன். மகளுக்குச் சம்பந்தம் பேசுற வயசுல இவ பையத் தூக்கிட்டுப் போறா என்று மாமி பக்கத்து வீட்டில் சொன்னதாகக் கேள்வி. என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் நேராகவே சொன்னார். "ரெண்டு வருசம். ஒரே பரீச்ச. போச்சுன்னா மறுபடி எழுதுறேன்னு வந்து நிக்கக் கூடாது." சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்னபோது வாயில் இரும்பு ருசித்தது.

தேனியில் கல்லூரி. அங்கே முதலில் சொல்லித் தருவது சின்னப் பாடம் நடத்த. ஆறு நிமிடம். ஒருவர் ஆசிரியர், மற்றவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். என் மகளைவிட நாலு வயது மூத்த பெண்கள், மீசை ஒதுக்கிய பையன்கள், கைகட்டி உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் சரியாகச் சொன்னார்கள். விடை வந்ததும் வெரி குட் என்று சொல்லிச் சிரித்தால் அதற்குத் தனி மதிப்பெண். நான் மூன்றாம் நாளே பொறுமை இழந்து, யாராவது ஒருத்தராவது தெரியாதுன்னு சொல்லுங்களேன்ப்பா என்றேன். "அக்கா, எங்களுக்கு மார்க் போயிரும்க்கா" என்றான் ஒருவன். பாடக் குறிப்பேட்டில் ஒரு கட்டம் உண்டு, மாணவரிடமிருந்து எதிர்பார்க்கும் விடை என்று. முதல் நாள் ராத்திரியே நாம் எழுதிவிட வேண்டும். நாளைக்கு ஒரு பிள்ளை என்ன யோசிக்கும் என்று இன்றைக்கே நீல மையில். எத்தனை துணிச்சல்.

இரண்டாம் ஆண்டு பயிற்சிக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியைக் கொடுத்தார்கள். காலையில் கம்பம் பஸ், அங்கிருந்து டவுன் பஸ், இரண்டு பக்கமும் திராட்சைப் பந்தல் ஓடிவரும் சாலை. கால் வைக்க முடியாத கூட்டத்தில் ஒற்றைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு நடத்தவேண்டியதை முணுமுணுத்துக்கொண்டு போவேன். அங்கே எனக்கு வழிகாட்டியாக இருந்த கணக்கு டீச்சர் நல்ல மனுஷி. சாக்பீஸ் விரலில் ஒட்டாமலிருக்கப் பேனா மூடியில் செருகி எழுதுவார், எனக்கும் ஒரு மூடி தந்தார். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"வர்றவுக புள்ளைகளப் பாக்க வரலம்மா, ஒன்னயப் பாக்க வர்றாக. கேள்வி கேட்டா அத்தன கையும் மேல நிக்கணும். தெரிஞ்சவுக வலது, தெரியாதவுக இடதுன்னு சொல்லி வச்சிரு. நீ வலதாப் பாத்து எழுப்பிக்க."

அத்தனை வருஷம், அத்தனை ஊர் தள்ளி, அதே கை. வேணாம் டீச்சர் என்றேன். அவர் சிரித்தார், பயந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

தேர்வன்று பின்வரிசையில் நாற்காலி போட்டாயிற்று. வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மடியில் கோப்பை விரித்து உட்கார்ந்தார். வழிகாட்டி டீச்சர் வாசல் பக்கம். என் கையில் தெர்மாகோலில் வெட்டிய வட்டங்கள், அரை ஒரு நிறம், கால் ஒரு நிறம். ஆறாம் வகுப்பு, பின்னங்களை வகுத்தல். பலகையில் எழுதினேன்: அரை வகுத்தல் கால். விடை யாருக்குத் தெரியும் என்று திரும்பினேன்.

மொத்த வகுப்பும் கை உயர்த்தியிருந்தது.

நான் சொல்லவில்லை. நான் சொல்லாததை யாரோ எனக்காகச் சொல்லியிருக்கிறார்கள். வாசலைப் பார்த்தேன். டீச்சர் கண்ணை மூடித் திறந்தார், நடத்து என்பதுபோல. வலது கைகள் முன்வரிசையில் துடித்தன. இடது கைகள் அப்படித் துடிக்கவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருப்பவர்களின் கைபோல வெறுமனே மேலே இருந்தன, இறங்க வேண்டிய இடம் தெரியாமல். ஒரு வலது கையைக் காட்டினால் போதும். நாற்பது நிமிடம் வழுக்கிக்கொண்டு போய்விடும், சான்றிதழ் வந்துவிடும், வீட்டில் சொன்ன சரிக்குப் பங்கம் வராது. இடதைத் தொட்டால் ஒரே பரீட்சையும் போய்விடலாம்.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண்ணைக் காட்டினேன். இடது கை. அவள் திடுக்கிட்டு, அவசரமாகக் கையை மாற்றினாள்.

"மாத்த வேணாம்மா" என்றேன். "எந்தக் கைன்னு பாத்துத்தான் கூப்பிட்டேன்."

எழுந்தாள். தெரியாது டீச்சர் என்றாள், தரையைப் பார்த்து. எது தெரியல என்று கேட்டேன். அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டிருக்கமாட்டார்கள் போல. தலையை நிமிர்த்தினாள்.

"வகுத்தா கொறையத்தான டீச்சர் செய்யணும்? அரையக் காலால வகுத்தா ரெண்டுன்னு புத்தகத்துல போட்டுருக்கு. அரைய விட ரெண்டு பெருசுல்ல. எப்டிக் கூடும்?"

முன்வரிசைப் பையன் ஒருவன் பொறுக்கமாட்டாமல், ரெண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கணும் என்று ஒப்பித்தான். நீல மையில் நான் எழுதிவைத்திருந்த விடை அதுதான், எழுத்துப் பிசகாமல். நான் வெரி குட் சொல்ல வேண்டிய இடம்.

"அதான்" என்றாள் அவள், அவன் பக்கம் திரும்பாமலே. "ஏன் தலைகீழாக்கணும்?"

கணிதத்தில் முதல் வகுப்பு. ஆயிரம் தடவை தலைகீழாக்கியிருக்கிறேன். ஏன் என்று ஒருதடவை கேட்டதில்லை. வகுப்பு என்னைப் பார்த்தது. தெர்மாகோல் உள்ளங்கையில் நமநமத்தது.

"எனக்கும் தெரியல" என்றேன்.

பின்னால் பேனா மூடும் சத்தம் கேட்டது. கேட்கட்டும். அவளிடம் உங்க வீட்ல என்ன வேலை என்று கேட்டேன். அருவிக்குப் போகும் ரோட்டில் அம்மா திராட்சை விற்கிறாள், லீவு நாளில் தானும் நிறுத்துக் கொடுப்பதாகச் சொன்னாள். ஒரு கிலோவைக் கால் கால் கிலோவாகக் கட்டினால் எத்தனை பை என்றேன். நாலு. ரெண்டு கிலோவை? எட்டு. அரைக் கிலோவை? ரெண்டு என்றவள் அங்கேயே நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. பலகையைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"கிலோவுக்கு நாலு பை டீச்சர். அப்ப எத்தன கிலோ இருந்தாலும் நாலால பெருக்குனாப் போதும். அதுக்குத்தான் தலைகீழா?"

அதற்குத்தான். நானும் அப்போதுதான் பார்த்தேன், காலைக் கவிழ்த்தால் நாலு. பலகை ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தெட்டு ஆண்டுகளாக எனக்குள் நின்ற கை, அந்தப் பெண் உட்காரும்போது அவளோடு சேர்ந்து இறங்கியது. மணி அடித்துவிட்டது. மதிப்பீடு செய்யவில்லை, வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை, வட்டங்களைக் காட்டவே இல்லை.

தேர்வாளர் கோபப்படவில்லை. மாணவர் முன்னால் ஆசிரியர் தெரியாது என்று சொன்னால் வகுப்பு கைவிட்டுப் போய்விடும், இது அடிப்படை என்று பொறுமையாக விளக்கினார். எனக்குத்தான் பொறுமை இல்லை. "தெரிஞ்ச மாதிரி நடிக்கிறதத்தான் சார் இத்தன வருசம் படிச்சேன். அத மறக்கத்தான் இங்க வந்தேன்" என்றேன். அவர் கோப்பில் எதையோ எழுதி, மூடினார்.

வழிகாட்டி டீச்சர் என்னைப் பள்ளிக்கு வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனார். "ஒனக்காகத்தானே காலையில புள்ளைகள்ட்ட சொல்லி வச்சேன். இப்டிக் கெடுத்துக்கிட்டியே ஆத்தா." குரலில் நிஜமான வருத்தம். அவரும் ஒரு காலத்தில் எந்தக் கையைத் தூக்கினாரோ. டீ நன்றாக இருந்தது.

தேறினேன். செய்முறையில் மட்டும், தேறுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே, ஒன்று கூடுதல் இல்லை. வீட்டுக்காரர் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாஸ்தான என்றார். பாஸ்தான் என்றேன். மூன்று பள்ளிகளில் அந்த ஒற்றை எண்மேல் விரல் வைத்து, இங்கே மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்கள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். மூன்றிலும் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். நாலாவதாக, கம்பத்துக்குப் பக்கத்தில் சின்னப் பள்ளி ஒன்றில், கணக்குக்கு ஆளே இல்லாததால் எடுத்துக்கொண்டார்கள். பாராட்டி எடுக்கவில்லை. எடுத்தார்கள், அது போதும்.

போன வருஷம் அங்கே ஆய்வு நடந்தது. என் வகுப்புக்கு வந்த அதிகாரி தானே ஒரு கணக்குக் கேட்டார். பாதிக் கைகள்தான் உயர்ந்தன. மீதிப் பாதி மேசைமேல், மூடாமல், வெட்கப்படாமல் கிடந்தன. பக்கத்தில் நின்ற தலைமையாசிரியரின் முகம் வெளுத்தது. அதிகாரி மேலே நின்ற ஒரு கையைக் காட்டப் போனார்.

"அதுகளுக்குத் தெரியும் சார்" என்றேன். "கீழ இருக்குற கையக் கேளுங்க."